உயர்நிலைப் பள்ளி உடற்கல்வி ஆசிரியராகப் படிப்பது எப்படி: குமரி மாவட்ட மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கடற்கரை ஊர்களில் கால்பந்தும், உள்நாட்டு ஊர்களில் கபடியும் கைப்பந்தும் விளையாடி வளரும் பிள்ளைகளில் பலர், பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும், பி.டி. சார் ஆக வேண்டுமானால் என்ன படிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். படிப்பின் பெயரை மட்டும் சொல்லி அவர்களை அனுப்பிவிடுவது பாதிப் பதிலே ஆகும். இரவிபுத்தன்துறையிலிருந்து புறப்பட்ட கால்பந்து வீரர் மைக்கேல் சூசைராஜ் இந்தியன் சூப்பர் லீக் வரை சென்று ஆடியிருக்கிறார். அப்படி ஒருவர் உருவாவது மாவட்டத்துக்கே பெருமை. ஆனால் ஓர் உடற்கல்வி ஆசிரியரின் முன் நிற்கும் நாற்பது பிள்ளைகளில் பெரும்பாலோர் விளையாட்டு வீரராகப் போவதில்லை. பந்தைக் கண்டால் விலகி நிற்கும் பிள்ளையையும், ஓடினால் மூச்சு வாங்கும் பிள்ளையையும் உடலைப் பயன்படுத்தக் கற்பிப்பதே இந்த வேலை. எனவே, நீங்கள் எவ்வளவு நன்றாக ஆடுகிறீர்கள் என்பதைவிட, உங்களுக்குத் தெரிந்ததைத் தெரியாதவருக்குப் படிப்படியாகப் பிரித்துச் சொல்ல முடிகிறதா என்பதை மனத்தில் வைத்துத் தொடக்கத்திலிருந்தே படிக்க வேண்டும்.

உயர்நிலை வகுப்புகளுக்கான அடிப்படைத் தகுதி பி.பி.எட். எனப்படும் இளநிலை உடற்கல்வியியல் பட்டமாகும். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி இது இரண்டு ஆண்டு, நான்கு பருவப் படிப்பு. ஏதேனும் ஒரு பட்டம் பெற்ற பிறகே இதில் சேர முடியும். எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றிருந்தாலும் 50 விழுக்காடு மதிப்பெண்ணும், கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியிலோ மாவட்ட, பள்ளி அளவிலான போட்டியிலோ கலந்துகொண்டதற்கான சான்றும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். உடற்கல்வியிலேயே இளநிலைப் பட்டம் பெற்றவர்களுக்கும், மாநில, தேசிய அளவில் விளையாடியவர்களுக்கும் 45 விழுக்காடு போதும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு அரசு விதிகளின்படி தளர்வு உண்டு. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் நேரடியாகச் சேரக்கூடிய டி.பி.எட். பட்டயப் படிப்பும் இருக்கிறது. ஆனால் அது தொடக்க வகுப்புகளை நோக்கியது என்பதால், உயர்நிலைப் பள்ளியை இலக்காகக் கொண்டவர்கள் அதோடு நின்றுவிடக் கூடாது.

சான்றிதழ் விஷயத்தில் நம் மாவட்டப் பிள்ளைகள் இழப்பது மிக அதிகம். ஊர்த் திருவிழாக்களிலும் மன்ற ஆண்டு விழாக்களிலும் நடக்கும் போட்டிகளில் வாங்கிய கோப்பைகள் வீட்டு அலமாரியை நிறைத்திருக்கும். சேர்க்கையின்போது அவற்றுக்கு மதிப்பில்லை. குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக நடக்கும் குடியரசு தின, பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகள், அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டுச் சங்கங்கள் நடத்தும் போட்டிகள், பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகள் ஆகியவற்றின் சான்றிதழ்களே கணக்கில் வரும். ஆகவே ஒன்பதாம் வகுப்பிலிருந்தே இந்தப் போட்டிகளில் பெயர் கொடுங்கள். சான்றிதழ் கையில் கிடைத்த அன்றே உங்கள் பெயர், பிறந்த நாள், விளையாட்டின் பெயர், போட்டி நடந்த நாள் ஆகியவை பள்ளி ஆவணத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்த்து, பிழை இருந்தால் அப்போதே திருத்தி வாங்குங்கள். தந்தை பெயரின் முதலெழுத்து ஒரு சான்றிதழில் ஒருவிதமாகவும் இன்னொன்றில் வேறுவிதமாகவும் இருந்தால், பல ஆண்டுகள் கழித்து அதைத் திருத்துவது மிகக் கடினம்.

பட்டப் படிப்புக்கு இரண்டு பாதைகள் உண்டு. உடற்கல்வியிலேயே மூன்றாண்டு இளநிலைப் பட்டம் பெற்றுவிட்டு பி.பி.எட். சேர்வது ஒன்று. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ உள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வேறொரு பாடத்தில் பட்டம் பெற்று, கல்லூரி அணியில் விளையாடி, பிறகு பி.பி.எட். சேர்வது மற்றொன்று. என் கருத்தில், குடும்பச் சூழல் இடம் கொடுக்காமல் படிப்பு நடுவில் திசை மாறக்கூடும் என்று நினைப்பவர்களுக்கு இரண்டாவது பாதையே பாதுகாப்பானது. வேறு வேலைகளுக்கும் அந்தப் பட்டம் உதவும். விலங்கியல் படிப்பவர்களுக்கு, பின்னால் வரும் உடற்கூறியல் பாடம் பாதி தெரிந்ததாகவே இருக்கும்.

தமிழ்நாட்டில் உள்ள உடற்கல்வியியல் கல்லூரிகளில் பெரும்பாலானவை, சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் இயங்கும் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. குமரி மாவட்டத்தவருக்கு அருகில் இருப்பவற்றுள் ஒன்று திருச்செந்தூரில் உள்ள டாக்டர் சிவந்தி ஆதித்தனார் உடற்கல்வியியல் கல்லூரி. காரைக்குடியில் அழகப்பா உடற்கல்வியியல் கல்லூரியும், சென்னை நந்தனத்தில் 1920-இல் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியும் உள்ளன. களியக்காவிளையைத் தாண்டினால், திருவனந்தபுரம் காரியவட்டத்தில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் லட்சுமிபாய் தேசிய உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது. பயிற்சி வசதிகளுக்குப் பெயர் பெற்ற இடம் அது. எனினும் அங்குச் சேர நினைப்பவர்கள் ஆங்கிலத்தில் எழுதத் தயாராக இருக்க வேண்டும். எந்தக் கல்லூரியானாலும் கட்டணத்தைக் கட்டுவதற்கு முன், நீங்கள் சேரும் அந்தப் படிப்புக்கு ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் நடப்பில் உள்ளதா என்று அதன் பட்டியலில் நீங்களே பாருங்கள்.

சேர்க்கையில் மதிப்பெண்ணோடும் சான்றிதழோடும் உடல்திறன் தேர்வும் விளையாட்டுத் திறன் தேர்வும் பொதுவாக இருக்கும். இதற்கான பயிற்சியை எப்போது தொடங்குவது என்பதில் நம் மாவட்டத்துக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நமக்குக் கிடைப்பதால் ஜூன் முதல் டிசம்பர் வரை மைதானம் அடிக்கடி சேறாகிவிடும். சேர்க்கையோ கல்வியாண்டின் தொடக்கத்தை ஒட்டி வருகிறது. எனவே ஜனவரி முதல் மே வரையிலான மாதங்களே உங்களுக்கு உறுதியாகக் கிடைக்கும் பயிற்சிக் காலம் என்று எண்ணித் திட்டமிடுங்கள். நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்குக்கு வந்துபோக முடிகிறவர்கள் அங்கே ஓடலாம். கடற்கரையில் ஓடுகிறவர்கள் அலை நனைத்து இறுகிய மணலில் ஓடுங்கள்; அது கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே ஊன்றும். போன தூரமே திரும்பியும் ஓடினால்தான் இரு கால்களுக்கும் சுமை சமமாகும். தளர்ந்த மணலில் விரைவோட்டப் பயிற்சியைத் திடீரென்று கூட்டினால் குதிகால் தசைநாண் பாதிக்கப்படக்கூடும்.

படிப்பில் சேர்ந்த பிறகு பலருக்கு அதிர்ச்சி தருவது புத்தகத்தின் கனம். உடற்கூறியல், உடலியங்கியல், உயிரியக்கவியல், விளையாட்டு உளவியல், அளவீடும் மதிப்பீடும், பயிற்சி முறைகள், நிர்வாகம், யோகா என்று பாடங்கள் நீளும். இவற்றை மனப்பாடம் செய்யாமல், உங்கள் உடம்பையே பாடப்புத்தகமாக வைத்துக்கொண்டு படியுங்கள். 100 மீட்டர் ஓடும்போது தசையில் முன்பே சேமிக்கப்பட்டுள்ள, உடனடி ஆற்றல் தரும் வேதிப்பொருள்களான ஏ.டி.பி., கிரியேட்டின் பாஸ்பேட் ஆகியவற்றிலிருந்தே பெரும்பகுதி ஆற்றல் கிடைக்கிறது. அது பத்து நொடியளவில் தீர்ந்துவிடும். 400 மீட்டரில் ஆக்சிஜன் போதாத நிலையில் குளுக்கோஸ் சிதைகிறது. கடைசி 100 மீட்டரில் கால் கனப்பது அந்த நிலையில்தான். 1500 மீட்டரில் ஆக்சிஜனின் பங்கே பெரிது. இந்த மூன்றையும் ஓடிப் பார்த்து, ஒவ்வொன்றின் முடிவிலும் நாடித்துடிப்பை எண்ணி எழுதி வைத்த மாணவருக்குத் தேர்வில் அந்தக் கேள்வி மறக்காது. அதைவிட முக்கியமாக, எட்டாம் வகுப்புப் பிள்ளையை மூச்சு வாங்க வாங்க ஏன் விரட்டக் கூடாது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

மைதானக் கோடு போடுவதைக் கைவேலையாக நினைத்து ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. நான் அதை இந்தப் படிப்பின் நடுநாயகமான பாடமாகவே கருதுகிறேன். 400 மீட்டர் தடத்தில் வளைவின் ஆரம் 36.50 மீட்டர், நேர்ப்பகுதி 84.39 மீட்டர், ஓடுபாதையின் அகலம் 1.22 மீட்டர். தடத்தின் உள்விளிம்பாகிய உட்கரையிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளக்கும்போது 36.80 மீட்டர் ஆரத்தில் இரு வளைவுகளும் 231.22 மீட்டர் வரும். இரு நேர்ப்பகுதிகள் 168.78 மீட்டர்; கூட்டினால் 400. இந்தக் கணக்கின் உள்வழி புரிந்தவருக்கு எந்த மைதானமும் பயமில்லை. குலசேகரம், அருமனைப் பக்கத்துப் பள்ளிகளில் ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே சரிவான நிலத்தில்தான் மைதானம் கிடைக்கும்; அங்கே 400 மீட்டருக்கு இடம் இருக்காது. நேர்ப்பகுதியை 40 மீட்டராகவும் ஆரத்தை 18.80 மீட்டராகவும் வைத்தால், அதே முறையில் 200 மீட்டர் தடம் அமைகிறது. நான்கு ஓடுபாதைகளோடு அதற்கு ஏறத்தாழ 88 மீட்டர் நீளமும் 48 மீட்டர் அகலமும் இருந்தால் போதும். அந்த இடமும் இல்லையென்றால் நேர்ப்பகுதியைக் குறைத்தோ கூட்டியோ ஆரத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

ஒரு முழுச் சுற்று ஓட்டத்தில் இரண்டாம் பாதைக்காரரை எவ்வளவு முன்னால் நிறுத்துவது என்பதும் இதே கணக்கிலிருந்து வருகிறது. வெளிப்பாதைகளில் அந்தந்தப் பாதையின் உட்கோட்டிலிருந்து அளவை 30 அல்லாமல் 20 சென்டிமீட்டர் தள்ளி எடுப்பதால், முதல் இரு பாதைகளின் ஆர வேறுபாடு 1.12 மீட்டர், அதனால் ஏற்படும் சுற்றளவு வேறுபாடு 7.04 மீட்டர். மூன்றாம் பாதைக்கு அது 14.70 மீட்டர் ஆகும். இதில் தடத்தின் ஆரம் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். 400 மீட்டர் தடமானாலும் உங்கள் பள்ளியின் 200 மீட்டர் தடமானாலும், ஒரு முழுச் சுற்றுக்கு இந்த எண்கள் மாறுவதில்லை. கயிறு, முளை, அளவு நாடா, சுண்ணாம்புப் பொடி ஆகியவற்றோடு இதை ஒருமுறையாவது தனியாகச் செய்து முடியுங்கள். மழை அழித்துவிட்ட கோட்டை விளையாட்டு விழாவின் காலையில் மீண்டும் போட வேண்டிய நிலை, இந்த மாவட்டத்தில் பணியாற்றும் எவருக்கும் வரும்.

நீங்கள் ஆடாத விளையாட்டுகளுக்கே அதிக நேரம் ஒதுக்குங்கள். கால்பந்துக்காரர் கோ-கோவின் 27-க்கு 16 மீட்டர் ஆடுகளத்தையும், கபடிக்காரர் கைப்பந்தில் ஆண்களுக்கு 2.43, பெண்களுக்கு 2.24 மீட்டர் என்ற வலை உயரத்தையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும். ஆனால் எண்கள் மட்டும் போதாது. ஓர் ஆட்டத்துக்கு நடுவராக நின்று விசில் ஊதி, மதிப்பெண் தாளை நிரப்பிப் பார்த்தால்தான் விதிகள் உங்களுடையவை ஆகும். விடுமுறையில் ஊருக்கு வரும்போது குறுவட்டப் போட்டிகளில் உதவியாளராக நிற்க அனுமதி கேளுங்கள். ஆள் பற்றாக்குறை எப்போதும் இருப்பதால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

கற்பித்தல் பயிற்சிக்காகப் பள்ளிக்கு அனுப்பப்படும் நாட்களே நீங்கள் ஆசிரியராகும் நாட்கள். நாற்பது நிமிடப் பாடவேளையில் உடலைச் சூடாக்குதல், அன்றைய திறனைக் கற்பித்தல், அதை ஒட்டிய சிறு விளையாட்டு, உடலைத் தளர்த்திக் கலைதல் என்ற ஒழுங்கு இருக்கும். புதியவர்கள் விளக்கம் சொல்லியே இருபது நிமிடத்தைத் தீர்த்துவிடுகிறார்கள். கட்டளையை இரண்டாகப் பிரித்துச் சொல்லப் பழகுங்கள்: 'வலப்புறம்' என்று சொல்லி, பிள்ளைகள் புரிந்துகொள்ளச் சற்று இடைவெளி விட்டு, பிறகு அழுத்தமாகத் 'திரும்பு' என்று சொன்னால், வரிசை ஒருமித்துத் திரும்பும். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பந்து என்றால் ஒன்பது பேர் வேடிக்கை பார்ப்பார்கள் என்பதை நினைவில் வைத்து, பந்து இல்லாதவர்களுக்கும் ஒரு வேலை இருக்கும்படி பாடக்குறிப்பை எழுதுங்கள். மழை நாளுக்கென்று வகுப்பறையில் நடத்தக்கூடிய பாடங்களையும் தனியாகத் தயாரியுங்கள். விதிமுறைகள், முதலுதவி, யோகா ஆகியவை அதற்குப் பொருந்தும். இல்லையென்றால் அந்தப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்வார், பிறகு வெயில் நாளிலும் கேட்பார்.

பெண் பிள்ளைகள் எட்டாம் வகுப்புக்கு மேல் மைதானத்திலிருந்து மெல்ல விலகுவதை நம் பள்ளிகள் எல்லாவற்றிலும் காணலாம். மாதவிடாய் நாட்களைப் பற்றியோ விளையாட்டு உடை குறித்த கூச்சத்தைப் பற்றியோ பேச ஒருவர் இல்லாதது அதற்கு ஒரு காரணம். இந்தப் படிப்பைப் பற்றி யோசிக்கும் பெண்களிடம் நான் வலியுறுத்திச் சொல்வது, நீங்கள் கட்டாயம் வர வேண்டும் என்பதுதான்.

வேலை வாய்ப்பைப் பற்றி மிகையாகச் சொல்ல விரும்பவில்லை. அரசுப் பள்ளிகளுக்கான நியமனம் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் வழியே நடக்கிறது. அறிவிப்புகளுக்கு இடையில் பல ஆண்டுகள் கடந்துவிடுவதுண்டு. 2012-இல் மாதம் 5000 ரூபாய்க்குப் பகுதிநேரமாக நியமிக்கப்பட்ட உடற்கல்வி ஆசிரியர்கள் பணிநிரந்தரம் கேட்டு இன்றும் காத்திருக்கிறார்கள். குமரி மாவட்டத்தில் அரசு உதவிபெறும் பள்ளிகள் மிகுதி. அவற்றில் நிர்வாகமே ஆசிரியரைத் தேர்ந்தெடுத்துக் கல்வித்துறையின் ஒப்புதலைப் பெறுகிறது. எனவே அந்த நிர்வாகங்களின் அறிவிப்புகளைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி இயக்குநர் நிலை 1 பணிக்கு எம்.பி.எட். எனப்படும் முதுநிலைப் பட்டம் படித்திருப்பது உதவும். அண்மையில் நடந்த தேர்வுகளில் அதற்கு 150 வினாக்கள் மூன்று மணி நேரத்துக்குக் கேட்கப்பட்டன: பாடப் பகுதியில் 110, கல்வியியலில் 30, பொது அறிவில் 10. அதனுடன் 50 மதிப்பெண்ணுக்குத் தமிழ்த் தகுதித் தேர்வும் உண்டு. அதில் 20 பெறாதவரின் முதன்மை விடைத்தாள் திருத்தப்படாது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கான முன்னுரிமையைக் கோர, பள்ளியிலிருந்து பட்டம் வரை ஒவ்வொரு நிலைக்கும் தனிச் சான்று வேண்டும் என்பதால், கல்லூரியை விட்டு வெளியேறும்போதே அதைக் கேட்டு வாங்குங்கள். பி.பி.எட். சான்றிதழ் கிடைத்தவுடன் நாகர்கோவில் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அந்தத் தகுதியைப் பதிவுசெய்து, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய தேதியைச் சான்றிதழ்க் கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.