டாக்கரில் ரகசியம் கசியும் இடமும், மதிப்பு காணாமல் போகும் இடமும்

டாக்கர் ஒரு செயலியையும் அதற்குத் தேவையானவற்றையும் ‘இமேஜ்’ என்ற ஒரே பொதியாகக் கட்டும் கருவி; அந்த இமேஜ் ஓடும்போது அது ‘கன்டெய்னர்’. இமேஜை எப்படிக் கட்ட வேண்டும் என்று எழுதும் கோப்பான டாக்கர்ஃபைலில் ஒரு மதிப்பை ‘ஆர்க்’ என்று எழுதினால், அது இமேஜ் கட்டும் நேரத்துக்கு மட்டும். ‘என்வ்’ என்று எழுதினால் இமேஜிலேயே பதிந்து, கன்டெய்னர் ஓடும்போதும் கூடவே இருக்கும்.

பில்ட் (இமேஜ் கட்டுவது) முடிந்ததும் ஆர்க் போய்விடும், அதனால் டோக்கனை (பேக்கேஜ்களை இறக்க அனுமதி தரும் ரகசியச் சாவியை) அதில் கொடுத்தால் ஆபத்தில்லை என்று நானும் நம்பியிருந்தேன். ஒரு நாள், இமேஜ் எப்படிக் கட்டப்பட்டது என்று காட்டும் ‘டாக்கர் ஹிஸ்டரி’ கட்டளையை, வரிகளை வெட்டாமல் காட்டும் ‘நோ-ட்ரங்க்’ சேர்த்து ஓட்டிப் பார்த்தேன். பேக்கேஜ்களை இறக்கும் ‘ரன்’ வரியின் தொடக்கத்தில் டோக்கன் முழுசாக நின்றது. அந்த இமேஜை இழுக்கிற யாரும் அதைப் படிக்கலாம். உடனே டோக்கனை ரத்து செய்து புதிது எடுத்தேன். டோக்கனைக் கோப்பாக உள்ளே காப்பி செய்து, அடுத்த வரியில் அழிப்பதும் உதவாது. முந்தைய வரி உருவாக்கிய லேயரில் (இமேஜின் அடுக்கில்) அது அப்படியே கிடக்கும். இதற்கென்றே, டாக்கரில் இமேஜ் கட்டும் பகுதியான பில்ட்கிட்டில் சீக்ரெட் மவுன்ட் இருக்கிறது. அந்த ஒரு ‘ரன்’ வரி ஓடும் வரை மட்டும் ரகசியம் ஒரு கோப்பாகத் தெரியும், லேயரில் ஒட்டாது. தயவுசெய்து இதையே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அடிப்படை இமேஜைச் சொல்லும் ‘ஃப்ரம்’ வரிக்கு மேலே அறிவித்த ஆர்க், கீழே வந்தால் காலியாக இருக்கும். ‘ஃப்ரம்’முக்குப் பிறகு பெயரை மட்டும் இன்னொரு முறை ‘ஆர்க்’ என்று எழுதினால் சரியாகிவிடும்.

ரியாக்ட் மாதிரி முன்பக்கச் செயலிகளில் (பிரவுசரில் ஓடுபவை) ஏபிஐ முகவரி, அதாவது தரவு கேட்கும் சர்வரின் முகவரி, பொதுவாகப் பில்டின்போதே ஜாவாஸ்கிரிப்ட் கோப்புக்குள் பதிந்துவிடுகிறது. அப்புறம் கன்டெய்னரை ஓட்டும்போது வேறு முகவரி கொடுத்தாலும், பிரவுசர் பழைய இடத்தையே கூப்பிடும். கன்டெய்னர் தொடங்கும்போது ஒரு சின்ன ஸ்கிரிப்ட் கான்ஃபிக் கோப்பை எழுதி, பக்கம் அதைப் படிக்கும்படி வைத்தால், ஒரே இமேஜ் டெஸ்டிங்குக்கும் புரொடக்‌ஷனுக்கும் ஆகும்.

கன்டெய்னர்களை ஒரு கோப்பில் விவரித்து ஓட்டும் கருவியான கம்போஸைப் பயன்படுத்துகிறவர்கள், ‘டாட் என்வ்’ கோப்பில் எழுதியதெல்லாம் தானாகக் கன்டெய்னருக்குள் போய்விடும் என்று நினைக்கிறார்கள். போகாது. கம்போஸ் கோப்பில் டாலர் குறி போட்ட இடங்களை நிரப்புவதுதான் அதன் வேலை. உள்ளே போக வேண்டுமானால் ‘என்விரான்மென்ட்’ அல்லது ‘என்வ் ஃபைல்’ பகுதியில் சொல்ல வேண்டும். மதிப்பை மாற்றிய பிறகு ‘ரீஸ்டார்ட்’ போதாது. ‘அப்’ கொடுத்தால்தான் கன்டெய்னர் புதிதாக உருவாகும்.

இன்னொன்று, கன்டெய்னரை ஓட்டும் ‘டாக்கர் ரன்’னுக்கு என்வ் ஃபைல் கொடுக்கும்போது, அதில் உள்ள மதிப்புகளுக்கு மேற்கோள் குறி போடாதீர்கள். அந்தக் குறிகளும் மதிப்போடு சேர்ந்தே உள்ளே போகும், பாஸ்வேர்டு தவறு என்று டேட்டாபேஸ் திருப்பி அனுப்பும். கன்டெய்னருக்குள், மதிப்புகளைக் காட்டும் ‘பிரின்ட்என்வ்’ ஓட்டினால், பாஸ்வேர்டின் இரண்டு பக்கமும் அந்தக் குறிகள் நிற்பது தெரியும்.