நெற்றியில் ஒன்று, கையில் ஒன்று: இரவு நடைக்கு டார்ச்லைட் வாங்கும் முன்

போன வருஷம் ஆன்லைனில் 35 வெள்ளிக்கு ஒரு டார்ச்லைட் வாங்கினேன். பெட்டியில் 50,000 லுமென் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, உள்ளே இருந்த பேட்டரியில் அதன் கொள்ளளவு 9,900 எம்ஏஎச் என்று. வீட்டுக்குள் அடித்துப் பார்த்தபோது கண் கூசியது. சரி, நல்ல சாமான்தான் என்று நம்பி, மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அதைத் தூக்கிக்கொண்டு பொட்டானிக் பூங்காவிலிருந்து பினாங்கு மலைக்கு ஏறும் ஜீப் ரோட்டுக்குப் போய்விட்டேன். சுமார் ஐந்து கிலோமீட்டர் ஏற்றம். பாதி தூரம்கூடப் போயிருக்க மாட்டேன், வெளிச்சம் அகல் விளக்கு அளவுக்கு இறங்கிவிட்டது. மீதித் தூரம் முழுக்க மச்சானுடைய முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன், அவன் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தான்.

வீட்டுக்கு வந்ததும் பேட்டரியைக் கழற்றி, அம்மா கேக் மாவு நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தேன். 27 கிராம். நிஜமான 18650 பேட்டரி என்றால் 45 கிராமை ஒட்டி இருக்கும். 18650 என்பது ஒன்றும் மந்திரம் இல்லை, 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதைத்தான் அப்படி எழுதுகிறார்கள். அந்த அளவுக்குள் நல்ல கம்பெனிக்காரன் அடைக்கிற சக்தி 3,500 எம்ஏஎச், மிஞ்சிப்போனால் 4,000. ஆக, 9,900 என்று எழுதிய 18650-ஐப் பார்த்தால் மேற்கொண்டு ஒன்றும் படிக்க வேண்டாம், எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். பேட்டரியில் பொய் சொன்னவன் லுமெனில் மட்டும் உண்மையா சொல்லப்போகிறான்?

லுமென் என்பது லைட்டிலிருந்து மொத்தமாக எவ்வளவு வெளிச்சம் கொட்டுகிறது என்பதன் கணக்கு. அது எங்கே போய் விழுகிறது என்று அந்த எண் சொல்லாது. அதைச் சொல்வது கேண்டெலா. நல்ல பிராண்டுகளின் பெட்டியில் எஃப்எல் 1 என்ற தர அளவுப்படி சின்னச் சின்னப் படங்களோடு லுமென், கேண்டெலா, எட்டும் தூரம், ஓடும் நேரம் எல்லாம் இருக்கும். எட்டும் தூரத்தை நீங்களே கணக்குப் போட்டுச் சரிபார்க்கலாம்: கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டர் வந்துவிடும். 10,000 கேண்டெலா என்றால் 200 மீட்டர். ஆனால் அந்த 200-ஆவது மீட்டரில் விழுவது வெறும் 0.25 லக்ஸ், அதாவது பௌர்ணமி நிலா வெளிச்சம் அளவுக்குத்தான். அங்கே நிற்பது மனிதனா மரக்கட்டையா என்று தெரிய வேண்டுமானால் அதில் பாதி, மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடும் நேரத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்த தர அளவுப்படி, ஆரம்ப வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரைக்கும் 'ஓடுகிறது' என்றுதான் கணக்கு. 1,000 லுமென், நான்கு மணி நேரம் என்று போட்டிருந்தால், நான்கு மணி நேரமும் 1,000 கிடைக்கும் என்று அர்த்தம் இல்லை. முதல் ஓரிரு நிமிஷம் 1,000, அப்புறம் சூடு தாங்காமல் தானாகவே 300, 400-க்கு இறங்கி, கடைசியில் 100-க்கு வந்து நின்றாலும் அந்தப் பெட்டி பொய் சொன்னதாக ஆகாது. நம் ஊர் இரவே 26, 27 டிகிரி, குளிர் நாடுகளில் ஓடுகிற மாதிரி இங்கே உச்ச வெளிச்சம் ஓடாது. அதனால் உச்ச எண்ணைப் பார்க்காதீர்கள், நடுத்தர அளவில் எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். பழகிய பாதையில் நடக்க 50 முதல் 100 லுமென் தாராளம். பாறையும் வேருமாக இறங்குகிற இடத்துக்கு 200, 300. அதற்கு மேல் இருப்பதெல்லாம் 'அங்கே என்ன சத்தம்' என்று ஒரு நிமிஷம் அடித்துப் பார்க்க. இன்னொன்று, லுமென் இரண்டு மடங்கானால் கண்ணுக்கு இரண்டு மடங்காகத் தெரியாது, நான்கு மடங்கு ஏற்றினால்தான் ஏறக்குறைய அப்படித் தோன்றும். 400 லுமெனுக்கும் 500 லுமெனுக்கும் இடையே கூடுதலாக ஐம்பது வெள்ளி கொடுப்பது வீண்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நெற்றியில் கட்டுவதா, கையில் பிடிப்பதா?

என் பாட்டி ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டியவர். இருட்டு கலையுமுன்னே பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய்ப் பேர் கொடுத்துவிட்டு, நெற்றியில் கார்பைட் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக நடப்பாராம், வெயில் ஏறிவிட்டால் பால் ஓடாதே. ஒரு கையில் உளி, ஒரு கையில் வாளி, விளக்கு நெற்றியில் இல்லாமல் வேறு எங்கே இருக்க முடியும்? கைக்கு வேலை இருக்கிற இடத்தில் இன்றைக்கும் அதே நியாயம்தான். கூடாரம் கட்ட, தூண்டிலில் முடிச்சுப் போட, கயிற்றைப் பிடித்து ஏற, பாலிக் புலாவில் டுரியான் சீசன் சமயத்தில் ராத்திரி விழுந்த பழத்தைப் பொறுக்க (தலைக்கு லைட் மட்டும் போதாது, ஹெல்மெட்டும் வேண்டும்), எல்லாவற்றுக்கும் ஹெட்லேம்ப்.

ஆனால் நடப்பதற்கு? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஹெட்லேம்பின் வெளிச்சம் உங்கள் கண் இருக்கிற இடத்திலிருந்தே கிளம்புகிறது. அதனால் ஒரு வேர் நீட்டிக்கொண்டு நின்றாலும் அதன் நிழல் அந்த வேருக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும், உங்கள் கண்ணுக்குத் தரை முழுக்கத் தட்டையாக, பாய் விரித்த மாதிரித் தெரியும். அதே இடத்தில் சின்ன டார்ச்லைட்டை இடுப்புக்குக் கீழே பிடித்துச் சாய்வாக அடித்துப் பாருங்கள், ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு நீண்ட நிழல் விழும், பள்ளம் கறுப்பாகத் தெரியும். இறக்கத்தில் கால் வைக்கும்போது இந்த வித்தியாசத்தைக் கணுக்கால் நன்றாகவே உணரும்.

மூடுபனியிலும் அப்படித்தான். பினாங்கு மலையில் மேலே ஏற ஏற விடியற்காலையில் மேகம் ரோட்டுக்கே இறங்கி நிற்கும். நெற்றி விளக்கைக் கூட்டினால் எதிரே வெள்ளைத் துணி கட்டிய மாதிரி ஆகிவிடும், ஏனென்றால் பனித்துளியில் பட்ட வெளிச்சம் நேராக உங்கள் கண்ணுக்கே திரும்பி வருகிறது. கூட்டாதீர்கள், குறையுங்கள், இல்லையென்றால் கழற்றிக் கையில் தாழ்த்திப் பிடியுங்கள். மழையிலும் இதே வைத்தியம். அப்புறம் பூச்சி! மழை விட்ட ராத்திரியில் ஈசல் கிளம்பினால் அத்தனையும் நெற்றியை நோக்கித்தான் வரும், மூக்கிலும் வாயிலும் நுழையும். கையில் விளக்கு இருந்தால் பூச்சி கையோடு போகட்டும்.

ஆனாலும் ஹெட்லேம்புக்கு மட்டுமே வாய்த்த ஒரு வேடிக்கை உண்டு. அதைக் கட்டிக்கொண்டு பாதையோரப் புல்லையும் சருகையும் பாருங்கள், பனித்துளிபோலப் பச்சையாகச் சின்னச் சின்னப் பொட்டுகள் மின்னும். குனிந்து பார்த்தால் பனித்துளி இல்லை, சிலந்தியின் கண்! அந்தக் கண்ணில் பட்ட வெளிச்சம் வந்த வழியே திரும்புவதால், விளக்கு உங்கள் கண்ணை ஒட்டி இருந்தால்தான் இது தெரியும். மரத்தில் உட்கார்ந்திருக்கும் மூசாங்கையும் (மரநாய்) இப்படித்தான் கண்டுபிடிப்பார்கள். (முதல் தடவை இதைப் பார்த்த பிறகு நான் தரையில் உட்கார ஒரு வாரம் யோசித்தேன்.)

அதனால் என் கணக்கு: நெற்றியில் ஒன்று, கையில் ஒன்று. 300 வெள்ளியை ஒரே லைட்டில் போடுவதைவிட இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். ஒன்று செத்தால் இன்னொன்று இருக்கும், பேட்டரி மாற்றும்போது வெளிச்சம் காட்டவும் ஆள் தேடவேண்டாம். போன் லைட்டை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அந்த சார்ஜ் 999-ஐக் கூப்பிட வேண்டியிருந்தால் வேண்டும்.

ஹெட்லேம்ப் எடை கவனம். மூன்று ஏஏஏ பேட்டரி போடுகிற ரகம் 80, 90 கிராமுக்குள் வந்துவிடும், கட்டியிருப்பதே மறந்துபோகும். 18650 போடுகிற ரகம் 120-ஐத் தாண்டும், வெளிச்சமும் நேரமும் அதிகம், ஆனால் ஓடினால் குதிக்கும், அதற்கு உச்சந்தலைக்கு மேல் போகும் இன்னொரு பட்டை வேண்டும். ரீசார்ஜ் பேட்டரி, ஏஏஏ இரண்டுமே ஏற்றுக்கொள்ளும் ரகமும் உண்டு, பெட்ஸல் கம்பெனியின் ஆக்டிக் கோர் அந்த மாதிரி. நாள்கணக்கில் காட்டுக்குள் போகிறவர்களுக்கு அது வசதி. வழியில் ஒரு சின்ன மளிகைக்கடையிலும் ஏஏஏ கிடைக்கும், 18650 கிடைக்காது.

சாதா அல்கலைன் பேட்டரியை உள்ளேயே விட்டு அலமாரியில் வைத்தால் ஆறு மாதத்தில் பார்க்கலாம் என்று திறப்பீர்கள், ஸ்பிரிங்கில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருக்கும். கசிந்தது காரம் என்பதால் பஞ்சில் கொஞ்சம் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்து, ஈரம் போகக் காயவைத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். இந்த வம்பே வேண்டாம் என்றால் எனலூப் மாதிரி நிக்கல் வகை ரீசார்ஜ் பேட்டரி வாங்குங்கள்.

நிறத்தைப் பற்றிக் கடைக்காரர் யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். மலிவான எல்இடி எல்லாம் 6,500 கெல்வின் பக்கம், நீலம் கலந்த வெள்ளை. பிரகாசமாகத்தான் தோன்றும், ஆனால் காட்டுக்குள் சேறு, வேர், சருகு எல்லாம் ஒரே சாம்பலாகிவிடும். 4,000 முதல் 5,000 கெல்வின், அதோடு சிஆர்ஐ 90 என்று போட்டிருப்பதைத் தேடுங்கள். சிஆர்ஐ என்பது நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டுகிறது என்பதற்கான மதிப்பெண். பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் பார்க்கிறோமே, அந்தக் குழிவிரியன் இந்தத் தீவின் காட்டிலும் இருக்கிறது, அதன் குட்டி இலைப்பச்சை நிறம், கிளையோடு கிளையாக மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும். பிடிமானத்துக்குக் கிளையைப் பற்றுமுன் ஒரு தடவை அடித்துப் பார்க்கிற பழக்கமும், பச்சைக்குள் பச்சையைப் பிரித்துக் காட்டுகிற விளக்கும் வேண்டும்.

தண்ணீருக்கு: ஐபிஎக்ஸ் 4 என்றால் எந்தப் பக்கம் தெளித்தாலும் தாங்கும், ஐபிஎக்ஸ் 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். நம் ஊர் மழைக்கு 4 போதும் என்பார்கள், நான் 7-க்குக் கீழே வாங்குவதில்லை, ஓடையில் விழாத டார்ச்லைட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. சார்ஜ் ஓட்டையின் ரப்பர் மூடி சரியாக உட்காராவிட்டால் இந்த எண்களுக்கு அர்த்தமே இல்லை, ஹெட்லேம்பில் அந்த வழியாக முதலில் நுழைவது மழை இல்லை, உங்கள் வியர்வை.

முடிந்தால் கடைக்கே போய் வாங்குங்கள். தவுக்கே முறைத்தாலும் பரவாயில்லை, மூன்று காரியம் செய்து பாருங்கள். பொத்தானை எத்தனை தடவை அழுத்தினால் வேண்டிய வெளிச்சம் வருகிறது என்று எண்ணுங்கள். குறைந்த வெளிச்சத்துக்குப் போகும் வழியில் மினுக்கு மினுக்கு என்று எஸ்ஓஎஸ் எல்லாம் வந்தால் ராத்திரி பைத்தியம் பிடிக்கும். அப்புறம் வெளிச்சத்தைக் குறைத்து வைத்து, எதிரே கையை வேகமாக ஆட்டுங்கள், விரல்கள் விட்டு விட்டுத் தனித்தனியாகத் தெரிந்தால் லைட் துடிக்கிறது என்று அர்த்தம், நீண்ட நேரத்துக்குத் தலைவலி. அப்புறம் இருபுறமும் யூஎஸ்பி சி முனை உள்ள கேபிளில் சார்ஜ் ஆகிறதா என்று கேளுங்கள், மலிவான சில லைட் பழைய ஏ முனைக் கேபிளில் மட்டுமே ஏறும்.

சிவப்பு விளக்கு இருக்கிற ஹெட்லேம்பாக எடுங்கள். இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக அரை மணி நேரம்கூட ஆகலாம், வெள்ளை வெளிச்சம் ஒரு நொடியில் அதைக் கெடுத்துவிடும், மங்கலான சிவப்பு அவ்வளவாகக் கெடுக்காது. பூச்சியும் குறைவாக வரும். எதிரே ஆள் வந்தால் விளக்கைத் தரைக்குச் சாய்த்துவிடுங்கள், "அங்கிள், கண்ணு" என்று சின்னப் பசங்க சொல்லுமளவுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். எந்தப் பாதையில் இரவில் அனுமதி இருக்கிறது என்பதையும் முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பைக்குள் போடும் முன் பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள், பெரும்பாலான டார்ச்லைட்டில் அதிலேயே மின்சாரம் துண்டிக்கப்பட்டுவிடும். ஒரு தடவை நான் இதைச் செய்யாமல் விட்டேன். பைக்குள் பொத்தான் தானாக அழுந்தி, உச்ச வெளிச்சத்தில் எரிந்து, மழைக்கோட்டில் ஐந்து காசு அகலத்துக்கு ஒரு ஓட்டை. இப்போதும் மழை பெய்தால் சரியாக இடது தோளில் ஒழுகும்.