மேடையில் உருக்கிய நடனம் திரையில் உறைந்தபோது

மகளை இழந்த தாய் தனியாக ஆடும் காட்சியைப் படமாக்கிக்கொண்டிருந்தோம். மேடையில் அரங்கத்தையே கலங்கடித்த அந்த நடனம், மானிட்டரில் உடற்பயிற்சி போலத் தெரிந்தது. கடைசி வரிசைக்கும் எட்டுவதற்காக வீசப்பட்ட கைகள், நெருக்கிக் காட்டும் 85 மி.மீ. லென்ஸில் மிகையாகிவிட்டன. முகத்துக்கு நெருங்கினால் கால்கள் தொலைந்தன. துக்கமோ கால்களில்தான் இருந்தது. நடனத்தில் முழு உடலும் தெரிய வேண்டும் என்று ஹாலிவுட் நடன நடிகர் ஃபிரெட் அஸ்டேர் பிடிவாதம் பிடித்தது சும்மா இல்லை.

அகலமாகக் காட்டும் 35 மி.மீ. லென்ஸுக்கு மாறி, ஒளிப்பதிவாளர் உடலில் மாட்டிக்கொண்டு குலுங்காமல் நகரக்கூடிய ஸ்டெடிகேமை நடனத்துக்குள்ளேயே இறக்கினோம். தலை முதல் கால் வரை தெரியத் தொடங்கி, நடிகை தள்ளாடும் இடத்தில் மட்டும் கேமரா நெருங்கும். நடன இயக்குநர் கைவீச்சுகளைப் பெரும்பாலும் நீக்கினார், மனமில்லாமல்தான். பதிலுக்கு விரல்கள் உடையின் ஓரத்தைக் கசக்கிக்கொண்டே இருந்தன. அதுவே போதுமானதாக இருந்தது.

பெரிய தலைவலி ஒலி. பாட்டை உரக்க ஒலிக்கவிட்டால் விம்மல் பதிவாகாது; நிறுத்தினால் தாளம் தப்பும். எனவே முழு இசையை ஒத்திகையோடு நிறுத்திவிட்டு, டேக்கின்போது 40 ஹெர்ட்ஸ் அளவிலான மிகத் தாழ்ந்த தாளத்துடிப்பை மட்டும், தாழ்ந்த ஒலிகளுக்கான ஸ்பீக்கரான சப்வூஃபரில் அனுப்பினோம். வெறுங்காலில் ஆடியவருக்கு அது மரத்தரை வழியாகவே தெரிந்தது. குரலுக்குக் கீழே இருக்கும் அந்தத் துடிப்பை ஒலிக்கலவையில் தாழ்ந்த ஒலிகளை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் நீக்கிவிட்டது. விம்மலும் பாதம் உரசும் ஓசையும் மிஞ்சின.

கேமரா இப்படி ஒரே ஓட்டமாக நகர்ந்ததால், வெட்ட இடமே இல்லை என்று எடிட்டர் முணுமுணுத்தார். விரல்களின் அண்மைக் காட்சியைத் தனியாக எடுத்துக் கொடுத்தோம்.