மாணவர் ஆவணப்படம்: செல்பேசிப் பேட்டியில் உதடும் குரலும் விலகாமல் இருக்க

தலைப்பு, கேள்விகளையெல்லாம் உங்கள் பேராசிரியர் பார்த்துக்கொள்வார். நான் தொழில்நுட்பத்துக்கு வருகிறேன். காசிமேட்டில் மீன் விற்கும் பெண்களைப் பற்றிய எங்கள் இறுதியாண்டுப் படத்தில் அதிக நேரத்தைத் தின்றது ஒலிதான்.

1. அனுமதி: துறைமுகத்துக்குள் கேமராவை எடுப்பதற்கு முன் எழுத்துமூல அனுமதி வாங்குங்கள். கல்லூரிக் கடிதத்தின் நகல்கள் பையில் இருக்கட்டும்.

2. கேமரா: நொடிக்கு 25 ஃபிரேம் (படச்சட்டம்), ஷட்டர் வேகம் 1/50 நொடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய டியூப் லைட்டுகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். 1/60 வைத்தால் சுவரில் கருங்கோடுகள் ஊரும். செல்பேசியோடு வரும் செயலி இதற்கு இடம் தராவிட்டால், பிளாக்மேஜிக் கேமரா செயலி உங்கள் செல்பேசியில் ஓடுகிறதா என்று பாருங்கள். இலவசம்தான்.

3. ஒலி: தனி ரெக்கார்டர், காலர் மைக், மாதிரி வீதம் (sample rate) 48 கிலோஹெர்ட்ஸ். ரெக்கார்டரின் ஒலி அளவுமானியில் உச்சம் மைனஸ் 12 டெசிபல் அளவில் நிற்கட்டும். முந்தானையில் மைக் குத்தினால் ஒவ்வோர் அசைவுக்கும் சரசரக்கும். ரவிக்கைக் கழுத்தோரம் நல்லது. அக்காவிடமே கொடுத்துக் குத்திக்கொள்ளச் சொல்லுங்கள். கடற்காற்றுக்குப் பஞ்சு உறை பத்தாது, முடி வைத்த உறை வேண்டும். வீட்டுக்குள் என்றால் மின்விசிறியை நிறுத்தத்தான் வேண்டும். மே மாதச் சென்னையில் இது கொடுமை. கேள்விக்குக் கேள்வி இடைவெளி விட்டு விசிறியைப் போடுங்கள். கிளம்பும் முன் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அறையின் ஒலியைப் பதிவுசெய்யுங்கள். வெட்டிய இடங்களை ஒட்ட அது உதவும்.

4. இணைத்தல்: எங்களைப் படுத்தியது இதுதான். பேட்டியின் தொடக்கத்தில் கைத்தட்டலை வைத்துக் குரலைப் பொருத்தினோம், கச்சிதம். போகப்போக உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். ரெக்கார்டர்மேல் பழி போட்டு, வேறொன்றை வாடகைக்கு எடுத்தும் அதே கதை. காரணம் செல்பேசி. வெளிச்சம் குறைந்தாலும் சூடேறினாலும் அது ஃபிரேம்களைச் சீரான இடைவெளியில் பதிவதில்லை. பல எடிட்டிங் மென்பொருள்களோ சீராக இருப்பதாகவே எடுத்துக்கொள்கின்றன.

தீர்வு: எடிட்டிங் தொடங்கும் முன்பே எல்லா வீடியோக் கோப்புகளையும் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றி மென்பொருளில் போட்டு மாற்றுங்கள். வீடியோ பகுதியில் ஃபிரேம் வேகம் 25, அதன் கீழே ‘மாறாத வேகம்’ (Constant Framerate) என்ற பொருளில் உள்ள தேர்வு. ஃபிரேம் வேகத்தில் ‘மூலக்கோப்பில் உள்ளபடியே’ (Same as source) என்பதைத் தொடாதீர்கள். பேட்டி முடியும்போதும் ஒரு கைத்தட்டல் போடுங்கள்; முதல் தட்டலும் கடைசித் தட்டலும் பொருந்தினாலும் நடுவில் ஓரிடத்தில் உதட்டைப் பார்த்துச் சோதியுங்கள்.

எடிட்டிங்குக்கு நான் டாவின்சி ரிசால்வ் கட்சி. மடிக்கணினி திணறினால் கேடென்லைவ் என்ற இன்னொரு எடிட்டிங் மென்பொருள். திருட்டு மென்பொருள் கேட்டு என்னிடம் வராதீர்கள்.

பிற்சேர்க்கை: ரெக்கார்டர் இல்லை என்று பலர் கேட்டிருந்தார்கள். இன்னொரு செல்பேசியில் காலர் மைக்கைச் செருகி, விமானப் பயன்முறையில் வைத்துச் சட்டைப்பையில் போட்டால் போதும். ஹேண்ட்பிரேக்கில் மாற்றிய பிறகும் நீண்ட பேட்டியில் உதடும் குரலும் சற்றே விலகுகிறது என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். இரண்டு கருவிகளின் கடிகாரங்கள் துல்லியமாக ஒத்துப்போகாததால் வருவது அது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டையும் நிறுத்தி, மறுபடி கைதட்டித் தொடங்குங்கள்.