ரத்மலானையில் பறக்கும் முன்: மெட்டார், டாஃப், நோட்டாம் பார்த்து ப்ரீஃபிங் தயாரிப்பது எப்படி

தகவல் எல்லாம் காகிதத்தில் வந்த காலத்தில் நேற்றைய வானிலைத் தாளைக் கையில் எடுத்தவுடனே தெரிந்துவிடும். ஓரம் மடங்கியிருக்கும், யாரோ பேனாவால் கோடு போட்டிருப்பார்கள். டேப்லெட்டில் அப்படியில்லை. மூன்று மணி நேரத்துக்கு முந்திய மெட்டாரும் (விமான நிலைய வானிலை அறிக்கை) இந்த நிமிடம் வந்த மெட்டாரும் ஒரே எழுத்தில், ஒரே நிறத்தில் நிற்கும். ஆகவே எந்தத் தகவலையும் வாசிக்கும் முன் அது எந்த நேரத்துக்குரியது என்று பாருங்கள். கீழே சொல்லும் ப்ரீஃபிங், அதாவது பறக்கும் முன் தகவல்களைத் திரட்டிச் சரிபார்க்கும் வேலை, முழுவதும் அந்தப் பழக்கத்தின் மேல்தான் நிற்கிறது. கொழும்புக்குத் தெற்கே உள்ள ரத்மலானை விமான நிலையத்திலிருந்து செஸ்னா 152, 172 போன்ற சிறு விமானங்களில் கண்பார்வை விதிப்படி, அதாவது வி.எஃப்.ஆர் முறையில், பறக்கும் மாணவரை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டது.

மணிக்கூடு

விமானத் தகவல் அமைப்புகள் எல்லாம் யூ.டி.சி எனும் உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. எழுதும்போது கடைசியில் இசட் எழுத்துப் போட்டுக் காட்டுவார்கள். நம் நேரத்திலிருந்து 5 மணி 30 நிமிடத்தைக் கழித்தால் அது வரும். கழிப்பது யாருக்கும் கஷ்டமில்லை, திகதியில்தான் தடுமாறுகிறார்கள். நள்ளிரவு 12 மணியிலிருந்து அதிகாலை 5.30 வரை யூ.டி.சி திகதி நமக்கு ஒருநாள் பின்னால் நிற்கும். இங்கே 13ஆம் திகதி அதிகாலை 5 மணி என்றால் அங்கே 12ஆம் திகதி 2330.

நீபோர்டில் (தொடையில் கட்டிக்கொள்ளும் எழுதுபலகை) முதல் வேலையாக நான்கு நேரங்களை எழுதுங்கள்: நிறுத்துமிடத்தை விட்டு நகரும் நேரம், மேலெழும் நேரம், தரையிறங்கும் நேரம், அதற்கு ஒரு மணி நேரம் பின். ஒவ்வொன்றுக்கும் உள்ளூர் நேரமும் யூ.டி.சியும், இரண்டுக்கும் திகதியோடு. இதற்கு இரண்டு நிமிடம் போதும். இனி வரும் ஒவ்வொரு தகவலையும் இந்த நான்கு நேரங்களோடு ஒட்டிப் பார்க்கப் போகிறோம்.

மெட்டார்

மெட்டார் என்பது நிலையத்தில் கண்டதைச் சொல்லும் அறிக்கை. எதிர்வுகூறல் அல்ல. கைத்தொலைபேசியில் வரும் சாதாரண வானிலைச் செயலிகள் காட்டுவது பெரும்பாலும் கணினி மாதிரியின் கணிப்பு. ரத்மலானையில் இப்போது மழை பெய்கிறதா என்று அவற்றைக் கேட்டுப் பயனில்லை.

பயிற்சிக்காக ஏப்ரல் மாதத்துப் பின்னேரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பருவமழை மாறும் காலம், உள்நாட்டில் எழும் இடிமேகம் பின்னேரத்தில் மேற்குக் கரைக்கு வரக்கூடிய நேரம். அறிக்கையின் தலையில் வி.சி.பி.ஐ என்ற நிலையக் குறியீடு நிற்கிறது. அது கட்டுநாயக்க. ரத்மலானை என்றால் வி.சி.சி.சி. இரண்டு ஓடுபாதைகளுக்கும் 04/22 என்றே பெயர் இருப்பதால் அவசரத்தில் ஒன்றின் அறிக்கையை மற்றதற்கு வாசிப்பது மிக எளிது. இடையில் சுமார் 40 கிலோமீற்றர் தூரம். ஒரு இடிமேகம் கட்டுநாயக்கவை நனைத்துக்கொண்டிருக்கும்போது ரத்மலானையில் வெயில் எரிக்கலாம், மறுபுறமாகவும் நடக்கலாம். ரத்மலானை அறிக்கை கிடைக்காத நேரத்தில் டவரையோ உங்கள் பயிற்சி நிலையத்தின் பணிமனையையோ கேளுங்கள். கட்டுநாயக்க அறிக்கையை அதற்கு ஈடாக வைக்கவேண்டாம்.

அடுத்து 120910 இசட். 12ஆம் திகதி 0910, நமக்குப் பின்னேரம் 2.40. இப்போது மணி 4 என்றால் இந்த அறிக்கை வரலாறாகிவிட்டது. புதியதை எடுங்கள்.

அதன்பின் காற்று: 27016, ஜி 28. மேற்கிலிருந்து 16 நொட், வீச்சில் 28 நொட். ஓடுபாதை 22 என்றால் திசை ஏறக்குறைய 220 பாகை, ஆக இடைக்கோணம் 50 பாகை. அதன் சைன் 0.77. 16 நொட் காற்றில் பக்கக்காற்று 12 நொட், 28 நொட் வீச்சில் 21 நொட். செஸ்னா 152 கையேட்டில் செய்து காட்டப்பட்ட பக்கக்காற்று 12 நொட், 172இல் 15 நொட். அந்த எண்கள் அனுபவமுள்ள சோதனை விமானியின் கையில் வந்தவை. மாணவருக்குப் போதனாசிரியர் வைக்கும் எல்லை அதற்கும் கீழே இருக்கும். கணக்கை எப்போதும் வீச்சை வைத்தே போடுங்கள், ஏனென்றால் சக்கரம் தரையைத் தொடும் நொடியில் சராசரிக் காற்றுத்தான் வீசும் என்று யாரும் எழுதித் தருவதில்லை. மனக்கணக்குக்கு 30 பாகைக்குப் பாதி, 45க்கு 0.7, 60க்கு 0.9 என்று வைத்துக்கொள்ளலாம். மெட்டார் காற்று உண்மை வடக்கை வைத்தது, டவர் வாயால் சொல்லும் காற்று காந்த வடக்கை வைத்தது. இலங்கையில் அந்த வித்தியாசம் சில பாகைதான், கணக்கைக் குழப்பாது. ஆனாலும் வேறு நாட்டில் பறக்கப் போகிறவர்கள் இங்கேயே பழகிக்கொள்வது நல்லது.

பார்வைத்தூரம் 4000 மீற்றர், இடிமழை. இங்கேயே பறப்பு முடிந்தது. 10,000 அடிக்குக் கீழே கண்பார்வை விதிக்கு ஐகாவோ (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) கேட்பது 5 கிலோமீற்றர் பார்வை, மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1500 மீற்றர், மேலும் கீழும் 1000 அடி. அறிக்கையில் 9999 என்று இருந்தால் 10 கிலோமீற்றர் அல்லது அதற்கு மேல்.

மேக வரியில் உயரம் நூறு அடிக் கணக்கில், விமான நிலையத் தரையிலிருந்து அளந்தது. 012 என்றால் 1200 அடி. ஃபியூ என்றால் வானத்தை எட்டாகப் பிரித்ததில் ஒன்றிரண்டு பங்கு, ஸ்கேட்டர்ட் மூன்று நான்கு, புரோக்கன் ஐந்திலிருந்து ஏழு, ஓவர்காஸ்ட் எட்டும். ‘ஃபியூ’ என்று கண்டவுடன் நிம்மதியடையும் பழக்கம் ஆபத்தானது. அதன் வாலில் சி.பி என்ற இரண்டு எழுத்து ஒட்டியிருந்தால் அது இடிமேகம். ஒன்றே ஒன்று இருந்தாலும் நீங்கள் திரும்பிவரும் பாதையில் அது நிற்கலாம்.

26/24 என்பது வெப்பநிலையும் பனிப்புள்ளியும் (காற்றின் ஈரம் நீராகத் தொடங்கும் வெப்பநிலை). இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். வெப்ப நாட்டில் பனி எங்கே வரும் என்று பலர் இந்த வரியைத் தாண்டிப் போகிறார்கள். கார்பரேட்டருக்குள் எரிபொருள் ஆவியாகும்போதும் காற்று குறுகிய வழியில் விரியும்போதும் வெப்பம் 20 பாகைக்கு மேலும் இறங்கக்கூடும். காற்றில் ஈரம் இவ்வளவு நெருக்கமாக இருக்கும்போது, பவரைக் குறைத்து இறங்கும் நேரத்தில் அங்கே பனி கட்டும். இதழ்க்கோணம் மாறாத புரொப்பெல்லர் உள்ள விமானத்தில் முதல் அடையாளம் ஆர்.பி.எம் மெல்ல விழுவது. இரண்டு எண்களும் நெருங்கி நிற்கும் நாளில் ‘கார்ப் ஹீட்’ (கார்பரேட்டரைச் சூடாக்கும் வசதி) என்று நீபோர்டில் பெரிதாக எழுதிவிடுங்கள்.

கியூ.என்.எச், அதாவது கடல் மட்டத்துக்குக் கணக்கிட்ட காற்றழுத்தம், 1008. தரநிலை 1013. ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறக்குறைய 30 அடி என்றால் அழுத்த உயரம் சுமார் 150 அடி. பகல் வெப்பம் 31 பாகை என்றால் தரநிலையான 15ஐ விட 16 பாகை கூட. பாகைக்கு 120 அடி வீதம் 1920 அடி. இரண்டையும் கூட்டினால் அடர்த்தி உயரம் 2000 அடியைத் தாண்டுகிறது. கடல் மட்டத்தில் நின்றுகொண்டே விமானம் 2000 அடி உயரத்தில் இருப்பதாக நினைத்துத்தான் ஏறும். ரத்மலானையின் 1833 மீற்றர் ஓடுபாதை 152க்குத் தாராளம். ஆனால் முழு டாங்கியோடு இருவர் ஏறினால் மேலேறும் வேகம் குறைவதை ஓடுபாதையின் நீளம் சரிசெய்யாது.

கடைசியில் நோ-சிக் என்று இருந்தால் அவதானித்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குப் பெரிய மாற்றமில்லை என்று அர்த்தம். அதற்கு மேல் அந்தச் சொல்லுக்குப் பெறுமதி இல்லை.

டாஃப்

டாஃப் என்பது விமான நிலையத்தைச் சுற்றி ஏறத்தாழ 8 கிலோமீற்றருக்கான எதிர்வுகூறல். 1206/1312 என்றால் 12ஆம் திகதி 06 மணியிலிருந்து 13ஆம் திகதி 12 மணி வரை, யூ.டி.சியில். உங்கள் நான்கு நேரங்களும் டாஃபின் எந்தக் குழுக்களுக்குள் (நேர இடைவெளியோடு எழுதிய பகுதிகள்) விழுகின்றன என்று விரலால் தொட்டுப் பாருங்கள். பி.ஈ.சி.எம்.ஜி (நிலை மாறும் என்று சொல்லும்) குழு வந்தால் மாற்றம் அந்த இடைவெளியில் எந்த நிமிடத்திலும் வரலாம். ஆகவே மோசமாகும் மாற்றத்தைத் தொடக்க நேரத்திலிருந்தும், நல்லதாகும் மாற்றத்தை முடிவு நேரத்திலிருந்தும் கணக்கில் எடுங்கள். ப்ரொப் 30 என்று இடிமழை எழுதியிருந்தால் முப்பது வீதம்தானே என்று விடவேண்டாம். அது தொடங்கும் முன் தரையில் நிற்கும்படி நேரத்தை முன்னுக்கு நகர்த்துங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் காலை 7 மணிப் பறப்பு பல தலைவலிகளைத் தீர்த்துவிடும்.

இதோடு செய்மதிப் படத்தையும் பாருங்கள். ஹிமாவாரி செய்மதி 10 நிமிடத்துக்கு ஒருமுறை படம் எடுக்கிறது. ஒரு படத்தை மட்டும் பார்க்காமல் கடைசி ஒரு மணி நேரத்தை ஓடவிடுங்கள். மேகம் வளர்கிறதா, எந்தப் பக்கம் நகர்கிறது என்பது அப்போதுதான் தெரியும். படத்தின் மூலையில் இருக்கும் நேரத்தை மறக்கவேண்டாம். இணைப்பு அறுந்த டேப்லெட் பழைய படத்தையே திரும்பத் திரும்ப ஓட்டும்.

நோட்டாம்

நோட்டாம் என்பது மூடிய ஓடுபாதை, தடைசெய்த வான்பரப்பு போன்றவற்றை விமானிகளுக்குச் சொல்லும் அறிவித்தல். இங்கேதான் அதிகம் தவறுகிறது. முதல் தவறு தேடும்போதே நடக்கிறது. புறப்படும் நிலையத்தையும் போய்ச் சேரும் நிலையத்தையும் மட்டும் தட்டித் தேடுவார்கள். சுடுபயிற்சிப் பகுதி, தற்காலிகமாக மூடிய வான்பரப்பு போன்றவை நிலையத்தின் பெயரில் வருவதில்லை. கொழும்பு விமானத் தகவல் பிரதேசத்தின் பெயரில், வி.சி.சி.எஃப் என்று வரும். ரத்மலானையிலிருந்து பலாலிக்குப் போகிறீர்கள் என்றால் வி.சி.சி.சி, வி.சி.சி.ஜே, மாற்று நிலையம், பக்கத்தில் இருக்கும் வி.சி.பி.ஐ, இவற்றோடு வி.சி.சி.எஃப் கட்டாயம். நோட்டாமின் தொடக்கத்தில் குறியீடாக வரும் கியூ வரியின் கடைசியில் அகலாங்கு, நெட்டாங்கு, கடல்மைலில் ஆரை வரும். 0649 வடக்கு 07953 கிழக்கு 005 என்றால் ரத்மலானையைச் சுற்றி 5 கடல்மைல். இதை வரைபடத்தில் பென்சிலால் வட்டமாகப் போட்டுப் பாருங்கள். உங்கள் பாதை வெட்டுகிறதா என்பது கண்ணுக்கு உடனே தெரியும்.

இரண்டாவது தவறு நேரம். இப்படி ஒன்று: தொடக்க நேரம் சொல்லும் பி பகுதியில் 2604122030, முடிவு நேரம் சொல்லும் சி பகுதியில் 2604130030, விவரம் சொல்லும் ஈ பகுதியில் ஓடுபாதை பராமரிப்புக்காக மூடப்படும் என்று இருக்கிறது. எண்கள் ஆண்டு, மாதம், திகதி, மணி, நிமிடம். 13ஆம் திகதி காலை 6 மணிக்குப் புறப்பட இருக்கும் மாணவர் தொடக்கத்தில் 12 என்று கண்டு, நேற்றைய கதை என்று தள்ளிவிடுவார். உண்மையில் அது நம் நேரப்படி 13ஆம் திகதி அதிகாலை 2 மணியிலிருந்து 6 மணி வரை. அவர் நகரும் அதே நிமிடத்தில்தான் ஓடுபாதை திறக்கிறது. வேலை கொஞ்சம் இழுத்தால் பழைய நோட்டாமை மாற்றி ஆர் வகை நோட்டாம் ஒன்று வரும். அது வந்திருக்கிறதா என்று புறப்படுமுன் இன்னொரு முறை பார்க்கவேண்டும்.

சி பகுதியின் பின்னால் ஈ.எஸ்.டி என்று இருந்தால் முடிவு நேரம் உத்தேசம்தான். அந்த நேரம் கடந்தது என்பதற்காக நோட்டாம் தானாகச் சாகாது. நீக்கும் அல்லது மாற்றும் நோட்டாம் வந்தால்தான் முடிந்தது. நாளாந்த நேர அட்டவணை சொல்லும் டி பகுதியில் தினமும் 0330-0530 என்று இருந்தால் நமக்குக் காலை 9 முதல் 11 வரை. மற்ற நேரங்களில் அது உங்களைத் தடுக்காது.

வடிகட்டி வசதியை மாணவப் பருவத்தில் பாவிக்கவேண்டாம். கியூ வரியில் நோக்கம் எம் என்று மட்டும் குறிக்கப்பட்டவை வழக்கமான ப்ரீஃபிங் தொகுப்பில் சேர்வதில்லை, கேட்டால்தான் கிடைக்கும். செயலியின் வடிகட்டி அதற்கு மேலும் சிலதை மறைத்துவிடும். முழுப் பட்டியலையும் ஒருமுறை வாசித்து, தேவையில்லாததை நீங்களே வெட்டுங்கள்.

டேப்லெட்

வீட்டை விட்டு இறங்கும் முன் டேப்லெட்டை விமானப் பயன்முறையில் போட்டு, வரைபடம், நிலையப் படம், ப்ரீஃபிங் மூன்றும் திறக்கின்றனவா என்று பாருங்கள். திறக்காதது எதுவும் உங்கள் கையில் இல்லை. வரைபடத் தரவு 28 நாளுக்கு ஒருமுறை மாறும் ஏய்ராக் சுழற்சியில் வருகிறது, அதன் முடிவுத் திகதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐபேடுக்கு அப்பிள் சொல்லும் இயங்கு வெப்பம் 35 பாகை வரை. கதவை மூடி ஏப்ரனில் (விமான நிறுத்துதளம்) நிற்கும் செஸ்னாவின் கண்ணாடிக்குள் அது சில நிமிடத்தில் தாண்டிப்போகும், திரை மங்கி அணைந்துவிடும். இயந்திரம் ஓடிக் காற்று வரும்வரை அதை இருக்கையின் நிழலில் வையுங்கள், டாஷின் மேல் வைக்கவேண்டாம். நான்கு நேரங்கள், அலைவரிசைகள், பாதித் தாளில் நோட்டாம் சுருக்கம், இவை காகிதத்தில் இருக்கட்டும்.

பறப்புத் திட்டம்

புறப்படுவதற்குக் குறைந்தது 60 நிமிடத்துக்கு முன் அனுப்பவேண்டும். அதிகாலை 5 மணிப் பறப்புக்குத் திட்டப் படிவத்தின் 13ஆம் உருப்படியில் புறப்படும் நேரம் 2330, 18ஆம் உருப்படியில் பறக்கும் திகதி 260412. இங்கே 260413 என்று போட்டால் அமைப்பு அதை அடுத்த நாளுக்கு வைத்துவிடும், டவரில் உங்கள் திட்டம் இருக்காது. 16ஆம் உருப்படியின் மொத்தப் பறப்பு நேரம் மணி நிமிடமாக எழுதவேண்டும்: தொண்ணூறு நிமிடம் 0130, ஒருபோதும் 0090 அல்ல. அனுப்பு பொத்தானை அழுத்தியதோடு திட்டம் ஏற்கப்பட்டது என்றும் எண்ணவேண்டாம். ஏற்றதாகப் பதில் வரும்வரை காத்திருங்கள். கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பறப்பு 30 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் தாமதச் செய்தி அனுப்பவேண்டும்.

இறங்கிய இடத்தில் டவர் இல்லையென்றால் வந்துசேர்ந்ததை நீங்களே உடனடியாக அறிவிக்கவேண்டும். எதிர்பார்த்த நேரத்திலிருந்து 30 நிமிடம் கடந்தும் செய்தி இல்லையென்றால் தேடலின் முதற்கட்டம் தொடங்கிவிடும். தேநீருக்குப் போகும் முன் அந்த அழைப்பை எடுங்கள்.