முதலில் ஊகத்தை எழுது, அப்புறம் போனைத் தொடு

பாலக்கோடு பக்கத்தில் ஒரு கிராமத்தில் சாயங்கால வகுப்பு எடுக்கிறேன். 2021-இல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது தன்னார்வலராகச் சேர்ந்தேன், அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. ஐந்து மணிக்கு மேல் திண்ணை நிறைந்துவிடும். ஆறாவது முதல் எட்டாவது வரைதான் என் பொறுப்பு. ஆனால் தம்பி தங்கைகளைக் கூட்டிப்போக வருகிற பத்தாவது பிள்ளைகளும் ஓரமாக உட்கார்ந்துவிடுவார்கள். கருவி என்று இருப்பது என் போன் ஒன்று, தம்பிக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசு லேப்டாப் ஒன்று. லேப்டாப்பில் பேட்டரி நிற்காது, சார்ஜர் வயரைச் செருகியபடியே ஓட்டவேண்டும். இதை வைத்துக்கொண்டு அறிவியலும் கணக்கும் எப்படிக் காட்டுகிறீர்கள் என்று பக்கத்து ஊர்த் தன்னார்வலர்கள் கேட்டார்கள். அவர்களுக்காகவும், வீட்டில் பிள்ளைக்குத் தாமே சொல்லிக்கொடுக்கப் பார்க்கிற அம்மா அப்பாக்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

பாட வீடியோக்களைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. வீடியோ பாட்டுக்கு ஓடும், பிள்ளை பாட்டுக்குப் பார்க்கும், "புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுதுக்கா" என்று கோரஸாக வரும். நான் சொல்வது பிள்ளை தன் விரலால் ஒன்றை மாற்றினால் இன்னொன்று மாறுகிற கருவிகளை. அதில் நான்குதான் என் திண்ணையில் நிலைத்தன: ஃபெட் (திரையிலேயே செய்து பார்க்கிற அறிவியல் செய்முறைகள்), ஜியோஜீப்ரா (கணக்கு வரைபடம்), கூகுள் எர்த் (மேலேயிருந்து பார்க்கிற பூமிப் படம்), ஸ்டெல்லேரியம் (நட்சத்திர வானம்). நான்குமே காசில்லாமல் கிடைப்பவை.

முதல் வேலை, இறக்கி வைப்பது. எங்கள் ஊரில் சாயங்காலம் எல்லோரும் போனை எடுக்கிற நேரத்தில் நெட் நகராது. அதனால் பாலக்கோட்டுக்குச் சந்தைக்குப் போகிற அன்று, சிக்னல் நன்றாக இருக்கிற இடத்தில் நின்று வேண்டியதை இறக்கிக்கொள்வேன். ஃபெட் என்பது அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கிய திட்டம். இயற்பியல் நோபல் வாங்கிய கார்ல் வீமன் ஆரம்பித்தது. தேடும் பெட்டியில் பி, ஹெச், இ, டி என்று ஆங்கிலத்தில் நான்கு எழுத்து அடித்தால் முதலில் வரும். அதன் ஒவ்வொரு செய்முறையையும் ஒரே கோப்பாக இறக்கலாம். அதற்கப்புறம் நெட் தேவையே இல்லை, குரோமில் திறந்தால் ஓடும். அந்தக் கோப்பை வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பினால் அடுத்தவர் போனிலும் ஓடும். செய்முறையின் பக்கத்தில் மொழிபெயர்ப்புகள் என்று ஒரு பகுதி இருக்கிறது. தமிழ் இருக்கிறதா என்று அங்கே முதலில் பாருங்கள். எல்லாவற்றுக்கும் இல்லை. இல்லாவிட்டாலும் பாதகமில்லை, திரையில் வருகிற ஆங்கிலச் சொற்கள் பத்துக்குள்தான் இருக்கும், பிள்ளைகள் ஒரே நாளில் பிடித்துக்கொள்வார்கள்.

இன்னொன்று, பாடப்புத்தகத்தையே பாருங்கள். 2018-இல் வரத் தொடங்கிய புதிய புத்தகங்களில் கியூஆர் குறியீடு உண்டு. கணக்குப் புத்தகத்தில் பாடம் முடிகிற இடத்தில் 'இணையச் செயல்பாடு' என்று ஒரு கட்டம் இருக்கும். பெரும்பாலும் அது ஜியோஜீப்ராவுக்குத்தான் கூட்டிப்போகும். அதைத் தாண்டிப் பக்கம் புரட்டாத பிள்ளையை நான் பார்த்ததில்லை.

இனி முறை. என் திண்ணையில் இதற்கு விலக்கே கிடையாது: போனைத் தொடுவதற்கு முன் ஊகத்தை நோட்டில் எழுதவேண்டும். வாயால் சொன்னால் செல்லாது. விடை தெரிந்ததும் "நானும் அதைத்தான் நினைச்சேன்" என்பார்கள். பேனாவால் எழுதியதை அப்படி மாற்ற முடியாது. ஒரு போனுக்கு மூன்று பேர். ஒருவர் விரல், ஒருவர் வாய், ஒருவர் பேனா. விரல்காரருக்குத் தானாக எதையும் தொட உரிமை இல்லை, வாய்க்காரர் சொன்னால்தான் தொடவேண்டும். ஒரு கேள்வி முடிந்ததும் இடம் மாறவேண்டும். இப்படிச் செய்யாவிட்டால் கெட்டிக்காரப் பையன் ஒருத்தன் போனைப் பிடுங்கிக்கொண்டு விளையாடுவான், மற்ற இரண்டு பேரும் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எப்படி நடக்கும் என்பதற்கு மின்சுற்றை எடுத்துக்கொள்வோம். ஃபெட்டில் 'சர்க்யூட் கன்ஸ்ட்ரக்‌ஷன் கிட்' என்று தேடினால் கிடைக்கும், நேர்மின்னோட்டத்துக்கான 'டிசி' வகையை எடுங்கள். ஒரு பேட்டரி, ஒயர், ஒரு சுவிட்ச், இரண்டு பல்பு இழுத்து வைத்து ஒரே வட்டமாக இணைக்கச் சொல்வேன். சுவிட்சைப் போடுவதற்கு முன் கேள்வி: எந்த பல்பு அதிகமாக எரியும்? எங்கள் கூட்டத்தில் பெரும்பாலோர் எழுதுவது, "பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கிற பல்பு." காரணம் கேட்டால், "மொதல் பல்பு கரண்டைத் தின்னுடும், மிச்சம்தான் ரெண்டாவதுக்குப் போகும்." இந்த நினைப்பு பத்தாவது பிள்ளைகளிடமும் இருக்கிறது, ஓம் விதிக் கணக்கைப் போட்டு விடை கொண்டுவருகிறவர்களிடமும் இருக்கிறது. சுவிட்சைப் போட்டால் இரண்டும் ஒரே மாதிரி எரியும். உடனே விளக்கத் தொடங்காதீர்கள். மின்னோட்டத்தை அளக்கிற அம்மீட்டரை எடுத்து முதல் பல்புக்கு முன்னால், இரண்டுக்கும் நடுவில், இரண்டாவதுக்குப் பின்னால் என்று மூன்று இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். மூன்றிலும் ஒரே எண்தான். பேட்டரி 9 வோல்ட், பல்பு ஒவ்வொன்றும் 10 ஓம் என்றால் 0.45 ஆம்பியர். "அப்போ கரண்ட தின்னலியாக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். பாடம் தொடங்குவதே அந்தக் கேள்வியில்தான். மின்னோட்டம் குறையவில்லை, பல்பில் செலவானது ஆற்றல் என்று அப்போது சொன்னால் ஏறும்.

பிறகு ஒரு பல்பைக் கழற்றச் சொல்லுங்கள், அதற்கு முன்னாலும் ஊகம் எழுதவேண்டும். இப்படி ஒரே வட்டமாகக் கட்டுகிற தொடரிணைப்பில் மற்றதும் அணையும். பக்க இணைப்பாக, அதாவது ஒவ்வொரு பல்புக்கும் பேட்டரியிலிருந்து தனி வழியாக மாற்றிவிட்டு ஒன்றைக் கழற்றினால் மற்றது அசையாமல் எரியும். ஏற்கெனவே 0.45 காட்டிய பல்பில் இப்போது 0.9 ஆம்பியர். வீட்டில் டியூப்லைட் போனாலும் ஃபேன் ஏன் ஓடுகிறது, மாரியம்மன் பண்டிகைக்குக் கட்டுகிற பழைய சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் ஒரு வரிசையே ஏன் போகிறது என்று அவர்களே பேசிக்கொள்வார்கள். பேட்டரியின் இரண்டு முனையையும் வெறும் ஒயரால் சேர்த்தால் திரையில் தீ எரியும். அதை ஒரு தடவை செய்து பார்க்க விடுங்கள், எப்படியும் செய்யத்தான் போகிறார்கள். நிஜ பிளக்கில் எதையும் செருகக் கூடாது என்பதை அந்தத் தீ எரியும்போதே சொல்லிவிடுவது நல்லது. முடிந்தால் மறுநாள் எலெக்ட்ரிகல் கடையில் இரண்டு டார்ச் பல்பும் செல்லும் வாங்கி நிஜத்தில் கட்டிப் பாருங்கள். அங்கே ஒயர் சரியாக ஒட்டாது, பல்பு விட்டுவிட்டு எரியும். அந்த எரிச்சலும் அறிவியலில் சேர்த்திதான்.

தனி ஊசலுக்கு இதைத் தலைகீழாகச் செய்வேன். முதலில் நிஜம், பிறகு திரை. நூலில் கல்லைக் கட்டி, 25 சென்டிமீட்டர் நீளத்தில் ஆட்டிப் பத்து அலைவுக்கு (போய்த் திரும்பி வந்தால் ஒன்று) எத்தனை நொடி என்று போன் ஸ்டாப்வாட்சில் பாருங்கள். சுமார் பத்து வரும். நூலை ஒரு மீட்டராக்கினால்? எல்லோரும் நாற்பது என்று எழுதுவார்கள், வருவது இருபது. நீளம் நான்கு மடங்கானால் நேரம் இரண்டு மடங்குதான். கல்லின் எடையை மாற்றினால் நேரம் மாறுவதே இல்லை, இதை நம்பவைக்கத்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். ஃபெட்டின் 'பெண்டுலம் லேப்' இதற்கப்புறம் எதற்கு என்றால், நம் திண்ணையில் செய்யமுடியாத ஒன்றுக்கு. ஈர்ப்பு விசையை நிலாவுக்கு மாற்றலாம். அதே ஒரு மீட்டர் நூல் அங்கே ஒரு அலைவுக்குக் கிட்டத்தட்ட ஐந்து நொடி எடுத்துக்கொள்ளும். கையில் செய்யமுடிவதைக் கையில் செய்யுங்கள், முடியாததற்கு மட்டும் திரை என்பது என் கணக்கு.

அந்தக் கணக்குப்படி பின்னத்துக்கு நான் போனை எடுப்பதே இல்லை. மூன்றில் ஒன்று பெரிசா நான்கில் ஒன்று பெரிசா என்பதற்கு ஒரு தோசை போதும். ஃபெட்டில் பின்னத்துக்கு அழகான செய்முறைகள் இருக்கின்றன, குறை சொல்லவில்லை. ஆனால் தன் பங்கு சின்னதாகப் போனதைத் தட்டில் பார்த்த பிள்ளை மறக்காது.

பத்தாவதுக்கு ஜியோஜீப்ரா. ஆஸ்திரியாவில் மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் 2001-இல் உருவாக்கத் தொடங்கியது. வரைபடக் கணிப்பான் பகுதியைத் திறந்து, இருபடிச் சமன்பாட்டின் பொது வடிவத்தை அப்படியே, ஒய் சமம் ஏ எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் பி எக்ஸ் பிளஸ் சி என்று அடியுங்கள். ஏ, பி, சி மூன்றுக்கும் நகர்த்துகிற பட்டை தானாக வரும். ஏ-வுக்கு 1, பி-க்கு −4, சி-க்கு 3 வைத்தால் பரவளையம் என்கிற வளைவு எக்ஸ் அச்சை 1-லும் 3-லும் வெட்டும், அவைதான் மூலங்கள். இனி சி-யை மட்டும் மெதுவாக ஏற்றினால் என்ன ஆகும் என்று எழுதச் சொல்லுங்கள். 4 வந்ததும் வளைவு அச்சை 2-இல் தொட்டு நிற்கும், 5 வந்தால் அச்சைவிட்டு மேலே போய்விடும். சமமற்ற மூலங்கள், சம மூலங்கள், மெய் மூலங்கள் இல்லை என்று மனப்பாடம் செய்த மூன்று வரியும் ஒரே விரல் நகர்வில் வந்துவிடும். ஏ-யை மைனஸ் ஆக்கினால் குழி மேடாகும். இதை முடித்த கையோடு வரைபடத்தாளை எடுத்துப் பென்சிலால் ஒரு தடவை போடவேண்டும். எட்டு மார்க் வரைபடக் கேள்விக்கு அளவுத்திட்டம் எழுதி, புள்ளி குறித்து, வளைவை நடுங்காமல் இணைக்கிற பழக்கத்தை ஜியோஜீப்ரா கொடுக்காது.

சமூக அறிவியலில் பிள்ளைகள் அதிகம் சண்டை போட்ட பாடம் ஆறுகள். நான் கேட்டது ஒரே கேள்வி: காவேரிப்பட்டினம் எந்த ஆற்றங்கரையில் இருக்கிறது? எல்லோரும் காவேரி என்றே எழுதினார்கள். கூகுள் எர்த்தில் போய்ப் பார்த்தால் அங்கே ஓடுவது தென்பெண்ணை. (இதற்கு நெட் வேண்டும். பேசாமல் காலையில், நெட் நகர்கிற நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.) அந்த ஆற்றை விரலால் பிடித்துக்கொண்டே மேலே போகச் சொன்னேன்: கிருஷ்ணகிரி அணை, ஓசூர் கெலவரப்பள்ளி அணை, கர்நாடகத்துக்குள் நந்தி மலை. கீழே வந்தால் சாத்தனூர், கடைசியில் கடலூர்ப் பக்கம் கடல். அடுத்து எங்கள் பஞ்சப்பள்ளி அணையிலிருந்து சின்னாற்றைப் பிடித்தோம். அது ஒகேனக்கல்லில் காவிரியோடு சேர்ந்து மேட்டூருக்குப் போகிறது. பக்கத்துப் பக்கத்து வட்டாரத்தில் பெய்கிற மழை இரண்டு ஆறாகப் பிரிந்து போகிறது என்பதைப் பார்த்ததும், நடுவில் எந்த மேடு பிரிக்கிறது என்று தேட ஆரம்பித்துவிட்டார்கள். லேப்டாப்பில் சுட்டியை வைக்கிற இடத்தின் உயரம் திரையின் அடியில் தெரியும், அதை வைத்துத்தான் தேடினார்கள். அதே உயரக் கணக்கில் இன்னொன்றும் செய்யலாம். ஓசூர் கிருஷ்ணகிரியைவிடக் கிட்டத்தட்ட 400 மீட்டர் மேலே இருக்கிறது. ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி குறையும் என்று புத்தகத்தில் படித்ததைப் போட்டால் இரண்டரை டிகிரிக்கு மேல் வருகிறது. ஓசூருக்குக் கம்பெனி வேலைக்குப் போகிற அண்ணன் ஸ்வெட்டர் எடுத்துப்போவதற்கு விடை கிடைத்துவிட்டது.

ஸ்டெல்லேரியம் பற்றிச் சுருக்கமாக. இடத்தைத் தருமபுரி என்று வைத்து வடக்கே திருப்பினால் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலே சுமார் 12 டிகிரியில் நிற்கும், நம் அட்சரேகை அதுதான். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அது ஏறக்குறைய பத்து டிகிரி. மொட்டை மாடியில் வடக்கே ஒரு முஷ்டிக்குக் கொஞ்சம் மேலே தேடச் சொல்லுங்கள். மலையோ மரமோ மறைத்தால் இடம் மாறி நிற்க வேண்டியதுதான்.

வினாடி வினா ஆப்கள் எனக்கு ஒத்துவரவில்லை. மணி அடிக்கிறது, புள்ளி ஏறுகிறது, யோசிக்கிற பிள்ளை தோற்கிறது. முதலில் தொட்டவன் ஜெயிப்பான் என்றால் எட்டாவது படிக்கிறவன் கேள்வியையே படிக்கமாட்டான். பெரிய வகுப்பில் திருப்புதலுக்கு வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பாடு.

அம்மாக்கள் கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றே: "போனைக் குடுத்தா ரெண்டு நிமிசத்துல ரீல்ஸுக்குப் போயிடுதுங்க, என்ன பண்றது?" இறக்கி வைத்த செய்முறை என்றால் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுக் கொடுங்கள், போவதற்கு வேறு இடம் இருக்காது. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் ஒரே செயலியைத் திரையில் நிறுத்திவைக்கிற வசதியும் உண்டு. செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதியில் தேடுங்கள். உங்களுக்குப் பாடம் தெரியவேண்டும் என்பதில்லை. பிள்ளை எழுதின ஊகத்தை வாங்கிப் பார்த்து, "நீ இப்படி எழுதியிருக்கே, அங்க என்ன வந்துச்சு?" என்று கேளுங்கள். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் கைநாட்டு. அவர் பெண் ஆறாவது. தினமும் களி கிண்டிக்கொண்டே இந்தக் கேள்வியைக் கேட்கிறார். அந்தப் பெண் இப்போது ஊகத்தோடு காரணத்தையும் எழுதிக்கொண்டு வருகிறாள், அம்மா விடமாட்டார் என்று.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் நான்கையும் ஒரே வாரத்தில் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். உங்களிடம் இருப்பது எட்டாவது வரை என்றால் மின்சுற்றுக் கோப்பு ஒன்றை மட்டும் இறக்கி, ஒரு வாரம் அதிலேயே இருங்கள். பத்தாவது என்றால் ஜியோஜீப்ரா. இறக்கியதும் பிள்ளைகளிடம் கொடுக்கும் முன் நெட்டை அணைத்துவிட்டு ஒரு தடவை திறந்து பாருங்கள். எதில் திறக்கட்டும் என்று போன் கேட்டால் குரோமைத் தொடுங்கள்.