பத்துக்குப் பத்து அறையில் மின்னணு இசை: வேலூர் வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் வாடகை வீட்டில் இருந்துகொண்டு மின்னணு இசை செய்ய விரும்புவோர், எந்தக் கீபோர்டு வாங்கலாம், எந்த ஸ்பீக்கர் நல்லது என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். கையிருப்பு குறைவாக இருக்கும்போது அந்த விசாரணையைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, உட்காரப் போகும் அறையை முதலில் கவனிப்பதே சிக்கனமான வழி. சாதனம் சுமாராக இருந்தாலும் வேலை நடந்துவிடும். ஆனால் அறை ஒலியைத் திரித்துக் காட்டினால், விலை உயர்ந்த ஸ்பீக்கரும் அந்தத் திரிபைத்தான் சத்தமாகச் சொல்லும்.

நம் பக்கத்துக் காங்கிரீட் வீடுகளில் படுக்கையறை பெரும்பாலும் பத்தடிக்குப் பத்தடி. கூரையும் ஏறக்குறைய அதே உயரம். ஒலியியல் கணக்கில் இதைவிட மோசமான வடிவம் இல்லை. நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் வேகத்தில் செல்கிறது; பத்தடி என்பது 3.05 மீட்டர்; எனவே எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே பாதி அலை கச்சிதமாக அடங்கும் அதிர்வெண் சுமார் 57 ஹெர்ட்ஸ். கிக் டிரம்மும் பேஸும் புழங்கும் பகுதி அதுதான். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருப்பதால் மூன்று ஒத்ததிர்வுகளும் (அறையே சேர்ந்து முழங்கும் அதிர்வெண்கள்) ஒரே இடத்தில் வந்து குவிகின்றன; சுவரோரமும் மூலையும் அந்தச் சுரத்தில் அதிர, அறையின் நடுவில் அதே சுரம் ஏறக்குறைய காணாமல் போகிறது. நடுவில் உட்கார்ந்து கலவை (தடங்களின் அளவைச் சரிசெய்து ஒன்றாக்கும் மிக்ஸிங்) செய்பவர் பேஸ் போதவில்லை என்று கூட்டிக்கொண்டே போவார்; அந்தப் பாட்டைக் காரில் போட்டால் கதவு நடுங்கும்.

இதைக் காதாலேயே சோதித்துக்கொள்ளலாம். இசை மென்பொருளில் ஒரு சைன் அலையை 40 ஹெர்ட்ஸில் தொடங்கி 120 வரை ஒரே அளவில் மெதுவாக ஏற்றியபடி, வழக்கமான இருக்கையில் அசையாமல் அமர்ந்து கேளுங்கள். எங்கே வீங்குகிறது, எங்கே மறைகிறது என்று ஒரு தாளில் குறித்துச் சுவரில் ஒட்டிவைத்தால், பின்னால் எந்தச் சுரத்தில் காதை நம்பக்கூடாது என்பது கண்முன்னே இருக்கும். இதே சோதனையில் எஃகு பீரோவின் கதவு, அதன் மேல் அடுக்கிய பாத்திரங்கள், ஜன்னல் கண்ணாடி ஆகியவை எந்த அதிர்வெண்ணில் கிணுகிணுக்கின்றன என்பதும் தெரிந்துவிடும். பீரோவை அடுத்த அறைக்கு மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள். முடியாதபோது கதவு இடுக்கில் துணியைத் திணித்தால் பாதி அடங்கும்.

மேசையை ஒரு சுவரைப் பார்த்தபடி, இடமும் வலமும் சம தூரம் இருக்குமாறு போட்டு, காது முன்சுவரிலிருந்து ஏறத்தாழ மூன்றே முக்கால் அடியில் இருக்குமாறு அமருங்கள். அறை நீளத்தில் 38 விழுக்காடு என்று ஒலிப்பொறியாளர்கள் சொல்லும் இந்த இடம் ஒரு தொடக்கப் புள்ளிதான். அங்கிருந்து அரையடி முன்பின் நகர்ந்து பார்க்க வேண்டும். கடப்பைக் கல் தட்டு வைத்த திறந்த அலமாரி இருந்தால் அது முதுகுக்குப் பின்னால் வரட்டும். அதில் துணியும் புத்தகமும் நிறைந்திருப்பது பின்சுவரின் எதிரொலியைக் கணிசமாகக் குறைக்கும்.

முட்டை அட்டையும் தெர்மாகோலும் சுவரில் ஒட்டுவது வீண் வேலை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவை உச்ச ஒலியைக் கொஞ்சம் மங்கவைக்குமே தவிர பேஸைத் தொடுவதில்லை. தேவைப்படுவது நான்கு அங்குலத் தடிமனுள்ள ராக்வுல் பலகை. கொதிகலன்களுக்கு வெப்பக் காப்பாகப் பயன்படும் பொருள் என்பதால், ராணிப்பேட்டைத் தொழிற்பேட்டைப் பக்கம் காப்பு வேலை செய்பவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். தச்சரிடம் நாலுக்கு இரண்டடிச் சட்டம் செய்து, முகமூடியும் கையுறையும் அணிந்து பலகையை உள்ளே பொருத்தி, மேலே துணி சுற்ற வேண்டும். துணியை வாயருகே வைத்து ஊதினால் காற்று மறுபுறம் வர வேண்டும். குடியாத்தம் கைத்தறி லுங்கித் துணி இந்தச் சோதனையில் எளிதாகத் தேறும். பார்க்க அழகாக இருக்கிறதென்று ஆம்பூர்த் தோலையோ ரெக்சினையோ போர்த்தினால் உள்ளிருக்கும் ராக்வுல்லுக்கு வேலையே இருக்காது. முதல் இரண்டு பலகைகளை முன்மூலைகளில் குறுக்காக நிறுத்துங்கள். அடுத்த இரண்டு, ஸ்பீக்கரின் ஒலி பக்கச் சுவரில் பட்டுத் திரும்பும் இடத்திற்கு. அதுவரை செலவில்லாமல் ஓட்ட வேண்டுமென்றால், சுருட்டிய இலவம்பஞ்சு மெத்தையை மூலையில் நிறுத்துவதும் ஓரளவு உதவும்.

இனிச் சாதனங்கள். எஸ்எஸ்டியும் எட்டு ஜிபி நினைவகமும் கொண்ட லேப்டாப், மைக்கையும் ஹெட்போனையும் லேப்டாப்போடு இணைக்கும், இரண்டு உள்ளீடுள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ், காதை மூடும் கம்பி ஹெட்போன், தானாக ஒலிக்காமல் மென்பொருளை வாசிக்க உதவும் 25 கட்டை மிடி கீபோர்டு ஆகியவை போதும். ஸ்பீக்கரை அறை சீரான பிறகு வாங்கலாம். புளூடூத் ஹெட்போன் பாட்டுக் கேட்கத்தான் ஆகும். கட்டையை அழுத்திய பிறகு ஒலி தாமதித்து வருவதால் அதை வைத்து வாசிக்க முடியாது. பதிவும் கலவையும் செய்யும் இசை மென்பொருளில் எல்எம்எம்எஸ் இலவசம். ரீப்பரை 60 நாள் சோதித்துப் பார்த்துவிட்டு 60 டாலருக்குத் தனிநபர் உரிமம் வாங்கலாம். மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் சின்தசைசருக்கு வைட்டலின் இலவசப் பதிப்பும் சர்ஜ் எக்ஸ்டியும் இருக்கும்போது காசு கொடுத்து எதையும் வாங்கத் தேவையில்லை. நொடிக்கு 48,000 ஒலித்துணுக்குகள் எடுக்கும் 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் அளவு (லேப்டாப் ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் துணுக்குகள்) 128 என்றால் தாமதம் ஒரு வழிக்கு ஏறத்தாழ 2.7 மில்லிநொடி, 512 என்றால் 10.7, வாசிக்கும்போது சிறிய அளவும் கலவையின்போது பெரிய அளவும் வைத்தால் பழைய லேப்டாப்பும் திணறாது.

ஹெட்போனில் 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் கேட்டால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் பிரச்சினை எர்த் இணைப்பில் இருக்கிறது. எல்லாச் சாதனங்களையும் ஒரே பிளக்பாயின்ட்டிலிருந்து எடுப்பது பெரும்பாலும் போதும். மூன்றாவது பின்னை வெட்டிவிடும் வழக்கம் ஆபத்தானது, அதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். ரீங்காரத்திற்குப் பதில் கரகரப்பு என்றால் மின்விசிறியின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரைச் சந்தேகிக்கலாம். சதுர அலை இன்வர்ட்டரில் வீடு ஓடும் நேரத்திலும் இதே கரகரப்பு வரும். அப்போது லேப்டாப் பேட்டரியில் வேலை செய்வது உத்தமம்.

குரல் பதிவுக்கு வேலூரின் வெயில்தான் பெரிய இடைஞ்சல். அக்னி நட்சத்திரக் காலத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டு மாடியறையில் பாட எவராலும் முடியாது. மொட்டைமாடித் தளம் பகலில் வாங்கிய சூட்டை நள்ளிரவு வரை கக்கிக்கொண்டிருக்கும். ஆகவே விடியற்காலையே சரியான நேரம். தூரத்து ஒலியையும் நுணுக்கமாக வாங்கும் கண்டென்சர் மைக்கைவிட, அவ்வளவு கூர்மையில்லாத டைனமிக் மைக் இந்த வீடுகளுக்குப் பொருத்தம். நான்கு விரல் தூரத்தில் பாடினால், அடுத்த தெருவின் நாயும் காட்பாடி சந்திப்பின் ரயில் ஒலியும் குரலுக்குப் பின்னால் ஒதுங்கிவிடும். பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் ஒரு கனமான ரஜாயைத் தொங்கவிடுங்கள்; மைக்கின் முகம் பார்ப்பது அந்தத் திசையைத்தான். 24 பிட்டில் பதிவு செய்யும்போது உச்ச அளவு மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி இருந்தாலே தாராளம் (பூஜ்யம்தான் உச்சவரம்பு; அதைத் தாண்டினால் ஒலி உடையும்).

கடையில் கிடைக்கும் சாம்பிள் தொகுப்புகளைவிட நம்மைச் சுற்றியிருக்கும் ஒலிகள் எவ்வளவோ சுவையானவை: குடியாத்தத் தறியின் சீரான தட்டு, பம்பை, உடுக்கை, வடக்கத்திப் பாணிக் கூத்தின் முகவீணை. கலைஞரின் அனுமதியும் அவருக்குரிய சன்மானமும் இல்லாமல் பதிவைத் தொடக்கூடாது. பறையைப் பதியும்போது தோலைத் தீயில் காய்ச்சி இறக்கியவுடன் தனித்தனி அடிகளை வாங்கிவிடுங்கள். சூடு தணியத் தணியச் சுருதி இறங்குவதால், பிந்திய அடிகள் முந்தியவற்றோடு சேராது. மும்மூன்றாக நடக்கும் திஸ்ர நடையில் வருவதை நாலுநாலாகப் பிரித்த கட்டத்தில் அடைத்தால் உயிர் போய்விடும். மென்பொருளின் கட்டத்தை ஆறுக்கு எட்டாக மாற்றி, தானாகச் சீராக்கும் வசதியை ஐம்பது விழுக்காட்டுக்கு மேல் ஏற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். சின்தசைசரில் கமகம் வேண்டுமென்றால், வழக்கமாக இரண்டு அரைச்சுரத்தில் நிற்கும் பிட்ச் பெண்ட் (சுரத்தை வளைக்கும் வசதி) எல்லையை விரிவாக்க வேண்டும்.

கலவை முடிந்ததும் ஹெட்போனை நம்பி நிறுத்திவிடாமல், மொபைலின் ஒற்றை ஸ்பீக்கரிலும் தெரிந்தவரின் ஷேர் ஆட்டோவிலும் போட்டுக் கேளுங்கள். 57 ஹெர்ட்ஸ் பேஸ் மொபைலில் கேட்கவே கேட்காது. அதற்கு ஒலியை மெல்லத் திரிக்கும் லேசான சாச்சுரேஷன் கொடுத்தால் 114, 171 ஹெர்ட்ஸில் மேல்சுரங்கள் பிறந்து, இல்லாத அடிச்சுரத்தைக் காதே ஊகித்துக்கொள்ளும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் மோனோவாக (இரு பக்கமும் ஒரே ஒலியாக) வைப்பது பாதுகாப்பு. ஸ்பாட்டிஃபை பாடல்களை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தோன்றும் சராசரிச் சத்தத்தின் அலகு) அளவுக்குச் சமன் செய்வதால், உச்சங்களை அடக்கும் லிமிட்டரில் நசுக்கிச் சத்தம் ஏற்றுவதில் லாபம் அதிகமில்லை. உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் இருந்தால் சரி. இறுதிப் பாட்டையும் ஒவ்வொரு தடத்தையும் 24 பிட் வேவ் கோப்புகளாகத் தனித்தனியே எடுத்து, கோப்பின் பெயரிலேயே வேகத்தையும் சுருதியையும் எழுதி, லேப்டாப்பில் ஒன்றும் வெளி வன்தட்டில் ஒன்றுமாகச் சேமித்து வையுங்கள்.